ஆபீஸ் போகிறவர் செட்டில் ஆகிவிட்டார், வீட்டில் இருப்பவர்?

2023-ல் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஒரு குடும்பத்தின் முதல் இரண்டு வருடங்களைப் பற்றி எழுதுகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடம் ஸ்டுட்கார்ட்டுக்குத் தென்மேற்கே பேப்லிங்கன் வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர். கார் கம்பெனிகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிறவர்களும் நிறைந்த பகுதி, அதனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்த நம் ஆட்கள் இங்கே கணிசமாக இருக்கிறார்கள். இந்த வீட்டுக் கணவரும் அப்படி வந்தவர்தான். மனைவி, ஏழரை வயது மகள், மூன்று வயது மகன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது, வீடு பார்க்கப் போகும்போது கூடப் போவது என்று ஏதாவது செய்துகொண்டிருப்பேன், இவர்களோடு பழக்கமானதும் அப்படித்தான். இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், இங்கே பெரிதாக எதுவுமே தவறிப் போகவில்லை. வேலை நிலையாக இருந்தது, விசாவில் சிக்கல் இல்லை, யாரும் இவர்களை அவமானப்படுத்தவில்லை. கையில் காசும் இருந்தது. அப்படியிருந்தும் முதல் டிசம்பரிலேயே மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடலாம் என்று விமான டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்கு அது ஏன் என்றே புரியவில்லை.

வந்த விதம்

கணவர் புளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்குத் தரும் வதிவிட அனுமதியில், மார்ச்சிலேயே வந்துவிட்டார். கம்பெனி ஒரு ஏஜென்ட் வைத்து வீடு, வங்கிக் கணக்கு, ஊராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு எல்லாம் முடித்துக் கொடுத்தது. ஆபீஸில் ஆங்கிலம் போதும். கேன்டீனில் கூட மேசைக்குப் பத்துப் பேர் ஆங்கிலம் பேசுவார்கள், அதில் நாலு பேர் தமிழ்.

குடும்பம் ஜூலையில் வந்தது. பொதுவாக இங்கே வேலை பார்க்கிறவரின் கணவனோ மனைவியோ சேர வரும்போது ஏ1 என்ற ஆரம்ப நிலை ஜெர்மன் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும், புளூ கார்டு போன்ற சில அனுமதிகளில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு அதிலிருந்து விலக்கு. வந்த நாளிலிருந்தே வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. கேட்க நல்ல சலுகை. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், ஏ1 வகுப்புக்குப் போயிருந்தால் குறைந்தபட்சம் மருந்துக் கடையில் பேசுமளவுக்காவது கற்றுக்கொண்டு வந்திருப்பார், விலக்கு இருந்ததால் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்கினார். யாரையும் குறை சொல்லவில்லை, வேலையை ராஜினாமா செய்து, வீட்டைக் காலி செய்து, இரண்டு பிள்ளைகளுக்கு டிசி வாங்கிக்கொண்டிருக்கிற பெண்ணிடம் போய் ஜெர்மன் படி என்று யார் சொல்வது?

சென்னையில் அவர் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு வருடம் இருந்தவர். எம்.காம். மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு என்பதால் அந்த வாரம் வீட்டுக்கு வர ராத்திரி பத்தாகும், மாமியார்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். டேலியில் கண்ணை மூடிக்கொண்டு என்ட்ரி போடுவார். அத்தனையும் இங்கே ஒரு காசுக்கு ஆகாது என்பது விமானத்தில் ஏறும்போதே தெரிந்த விஷயம்தான், ஆனால் தெரிவது வேறு, காலை எட்டு மணிக்கு எல்லோரும் போன பிறகு உட்கார்ந்திருப்பது வேறு.

வீட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகை, அதுதான் சட்டப்படி உச்சவரம்பு. சமையலறை என்று காட்டியது நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும், அடுப்பு முதல் சிங்க் வரை நாம் வாங்கிப் போட வேண்டும். மகளைப் பள்ளியில் சேர்க்கத் தட்டம்மை ஊசி போட்ட அட்டை கேட்டார்கள், 2020 முதல் கட்டாயம், அதை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். மாசுக்கு 18.36 யூரோ ரேடியோ-டிவி கட்டணத்துக்குக் கடிதம் வந்தது, டிவியே இல்லையே என்று கணவர் கொதித்தார், டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்ட வேண்டும் என்று சொல்லிக் கட்ட வைத்தேன். எல்லோருக்கும் நடப்பதுதான் இதெல்லாம்.

கணவர் நல்லவர் என்பதுதான் பிரச்சினை

கடிதங்கள் எல்லாம் அவர் படிப்பார், போனில் மொழிபெயர்த்துக்கொண்டு. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அவர் வாங்குவார். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டு அவர் போவார். சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுக்கு எல்லோரும் போவார்கள், கவுன்டரில் பணம் கொடுப்பது அவர். வங்கி, இன்சூரன்ஸ், பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதப் பணம் (அப்போது தலைக்கு 250 யூரோ), எல்லாம் அவர் கணக்கில், அவர் மெயிலில். மனைவிக்கு ஒரு கஷ்டமும் தெரியக் கூடாது என்று நினைத்தார். அவர் பேரைச் சொல்லி இங்கே எந்த அலுவலகத்திலும் தேடினால் கிடைப்பார், அவர் மனைவி இருக்கிறார் என்பதற்கு வாசல் காலிங்பெல்லில் ஒட்டிய பெயரைத் தவிர அத்தாட்சி இல்லை.

நம் குடும்பங்களில் இதைப் பாராட்டித்தான் பேசுவோம். எனக்கு இதில் வேறு அபிப்பிராயம். தினமும் ஒருவர் வெளியே போய் நாலு பேரிடம் திணறி, தப்பும் தவறுமாகப் பேசி, அதில் கொஞ்சம் தேறி வருகிறார். இன்னொருவருக்கு அந்தத் திணறலே கிடைக்கவில்லை. ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது, அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு 'அவளுக்குப் பயம், அதனால் நான்தான் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது' என்றார். எது முந்தி வந்தது என்பதை அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்.

படிக்கட்டு விவகாரம்

இந்த ஷ்வாபியப் பகுதிக்கென்றே கேர்வோகெ என்று ஒரு வழக்கம் உண்டு. அடுக்குமாடியில் இருக்கிற ஒவ்வொரு வீடும் முறைவைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும், பெரிய முறை வந்தால் கீழ்த்தள நடைவழி, வாசலுக்கு வெளியே நடைபாதை எல்லாம் சேர்த்து. முறை யாருடையதோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். 1492-லேயே ஸ்டுட்கார்ட் நகர விதியில் அவரவர் குப்பையை வாரா வாரம் அப்புறப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள், கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே வருடம். 1988-ல் ஸ்டுட்கார்ட் நகராட்சி இதைச் சட்டக் கட்டாயம் இல்லை என்று ஆக்கிவிட்டது, ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இவர்கள் கதவில் முதன்முதலாக அட்டை தொங்கியபோது மனைவி அதை ஏதோ விளம்பரம் என்று கழற்றிப் பேப்பர் குப்பையில் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு வயதான அம்மா பெல் அடித்து, கடகடவென்று ஏதோ சொல்லி, படிக்கட்டைக் காட்டி, கதவைக் காட்டி, போய்விட்டார். இவருக்கு வாயில் வந்தது 'ஸாரி, ஹஸ்பண்ட் ஈவினிங்'. சாயங்காலம் கணவர் கீழே போய் மன்னிப்புக் கேட்டு, புது அட்டை வாங்கி வந்து, அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் அவரே பக்கெட்டும் மாப்புமாக இறங்கிவிடுவார். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

நடந்தது என்னவென்றால், மனைவி குப்பை போடப் போகும் முன் கதவில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். படிக்கட்டில் காலடிச் சத்தம் இருந்தால் நின்று, அது ஓய்ந்த பிறகு இறங்குவார். இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப நாள் கழித்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அப்படியே நான்கு மாதம் ஓடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், மிக்ஸி போட்டால் மேலே கீழே கேட்குமே என்று சட்னி கூட சனிக்கிழமையே அரைத்து ஃபிரிட்ஜில். டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். அம்மாவோடு போன் பேசலாம் என்றால் குளிர்காலத்தில் ஊர் நாலரை மணி நேரம் முன்னால், இங்கே பிள்ளைகள் வேலை முடிந்து உட்காரும்போது அங்கே தூங்கப் போயிருப்பார்கள். டிக்கெட் விலை பார்த்தது அந்த மாதத்தில்தான்.

ஜனவரியில் கணவர் ஹங்கேரியில் உள்ள ஆலைக்கு ஒரு வாரம் போனார். அந்த வாரம் பெரிய முறை இவர்களுடையது, அந்த வாரம் பார்த்துப் பனியும் கொட்டியது. வார நாளில் காலை ஏழு மணிக்குள் வீட்டு வாசல் நடைபாதையைச் சுத்தம் செய்துவிட வேண்டும், செய்யாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு நம் தலையில் வரும். ஆறு மணிக்கு ஜன்னலைப் பார்த்தவர் கணவருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வீட்டில் பனி தள்ளும் மண்வாரி கிடையாது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு துடைப்பத்தையும் குப்பை அள்ளும் தட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி, தட்டுத் தட்டாக அள்ளிப் போட ஆரம்பித்திருக்கிறார்.

கீழ்வீட்டு அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, பெரிய மண்வாரியோடும் ஒரு வாளி பொடிக்கல்லோடும் வெளியே வந்தார். அள்ளக் கூடாது, தள்ள வேண்டும் என்று செய்து காட்டினார். ஒரு ஆள் போகிற அளவுக்குப் பாதை போதும், முழுக்க வழிக்க வேண்டாம். உப்பு போடக் கூடாது, கல்தான் தூவ வேண்டும், கையை இப்படி வீசி. நடுவில் இவர் கையைப் பிடித்துப் பார்த்து, உள்ளே போய்க் கையுறை கொண்டு வந்து கொடுத்தார். முடித்த பிறகுதான் பேர் கேட்டார். ஒரே படிக்கட்டில் ஆறு மாதம் இருந்த பிறகு.

அதன்பின் இருவரும் தோழிகளாகிவிட்டார்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. அந்த அம்மா இன்றைக்கும் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் மனைவி அந்த வாரத்திலிருந்து படிக்கட்டு வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் ஊரில் இல்லாத ஒரு வாரம் செய்ததை அவர் கூடவே இருந்த ஆறு மாதம் செய்யவில்லை என்று நான் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது, இருந்தாலும் சொன்னேன்.

அதே குளிர்காலத்தில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்தது. ஹீட்டர் பில்லுக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தி வைத்து, உள்ளே இட்லிப் பானை ஆவி, குக்கர் ஆவி, உலர்த்திய துணி. நம் வீடுகளில் பாதியில் இதே கதை. ஹீட்டரை நிறுத்திவிட்டு ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் முழுசாகத் திறந்து மூட வேண்டும், நாளைக்கு மூன்று நான்கு தடவை, பனி கொட்டினாலும் சரி. கொஞ்சமாகச் சாய்த்து நாளெல்லாம் வைத்திருப்பதுதான் மோசம், சுவர் குளிர்ந்து அங்கேயே ஈரம் படியும். வருடக் கடைசிக் கணக்கில் சில நூறு யூரோ கூடுதலாகக் கட்டியதும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

அரை மணி நேரம்

மகளை வயதுக்குரிய இரண்டாம் வகுப்பில் சேர்த்து, முதலில் மொழி ஆயத்த வகுப்பில் உட்கார வைத்தார்கள். 2022-க்குப் பிறகு அந்த வகுப்புகளில் உக்ரைன் பிள்ளைகள் நிறைய, எல்லோரும் ஒரே நிலையில் என்பதால் அவளுக்குக் கூச்சம் வரவில்லை. ஆறேழு மாதத்தில் வீட்டிலேயே நன்றாக ஜெர்மன் பேசுகிறவள் அவள்தான் என்று ஆனது, அப்பாவையும் சேர்த்து. அப்புறம் நடப்பது தெரிந்ததுதானே, அப்பா ஆபீஸில் இருக்கும் நேரத்தில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

மகனுக்கு நான்கு வயதை ஒட்டிச் செய்கிற பரிசோதனைக்கு அம்மாவும் அவளும் போனார்கள். பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மொபைல் பார்க்கிறான் என்று டாக்டர் கேட்டார். அம்மா தமிழில் சொன்னது, "ரெண்டு மணி நேரம் இருக்கும், சில நாள் மூணு." மகள் டாக்டரிடம் சொன்னது, அரை மணி நேரம்.

அம்மாவுக்கு அதற்குள் அந்த அளவு ஜெர்மன் காதில் விழ ஆரம்பித்திருந்தது. பஸ் அட்டவணை, மண்வாரி, போன் ஆப் என்று எங்கெங்கோ பொறுக்கியது. வெளியே வந்ததும் ஏன்டி பொய் சொன்னே என்று கேட்டதற்கு, "உன்னைத் திட்டுவாங்கல்லம்மா" என்றிருக்கிறாள். எட்டு வயசுப் பெண் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அன்று ராத்திரி அவர் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார், "ஏங்க, இனிமே டாக்டர்கிட்ட நான் தனியாத்தான் போவேன், புரியலைன்னா எழுதித் தரச் சொல்லி வாங்கிட்டு வரேன்."

குழந்தையை மொழிபெயர்க்க வைப்பது எல்லாப் புலம்பெயர்ந்த வீட்டிலும் நடக்கிறது, சமர்த்து என்று பெருமையும் படுகிறோம். கடையில் விலை கேட்கச் சொல்வதில் தப்பில்லை. டாக்டர், பள்ளி ஆசிரியர், வீட்டு உரிமையாளர் என்று பெரியவர்கள் விஷயத்தில் இழுத்துவிட்டால், அம்மா அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு குழந்தை முடிவுக்கு வந்துவிடுகிறது, அதை மாற்றுவது லேசில் ஆகாது.

வகுப்பு, வேலை, வரி

2013 முதல் இங்கே ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு கீட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில், இடம் கேட்பது சட்டப்படி உரிமை. உரிமை இருந்தும் இடமில்லை என்பது நாடறிந்த விஷயம், இவர்களுக்குப் பத்து மாதம் கழித்து 2024 மே மாதம் கிடைத்தது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்துவிட முடியாது, பழக்கப்படுத்தும் காலம் என்று முதல் சில வாரம் பெற்றோரில் ஒருவர் கூடவே போய் உட்கார வேண்டும், முதலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் படாமல் விலகி. கணவருக்கு அத்தனை லீவு இல்லை. அதனால் மனைவி போனார், குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு மூன்று வயது ஜெர்மன் பேசினார். 'உட்காரு, கொடு, காத்திரு, கை கழுவு.' இதைவிட நல்ல ஆரம்ப வகுப்பு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்ந்தார். 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, பழக்கவழக்கம், முடிவில் பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்வு. வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாமே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். நேரில் போனதால் கிடைத்த லாபம் வேறு மாதிரியானது: வகுப்பில் சிரியா, உக்ரைன், துருக்கி, பிரேசில் என்று எல்லா நாட்டுக்காரர்களும் இருந்தார்கள், பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே பேச வேண்டுமென்றால் உடைந்த ஜெர்மன்தான் வழி. நம் ஆட்கள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் கரையிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

2025 கோடையில் பி1 தேறினார். அடுத்து வேலை, அங்கேதான் வீட்டில் நிஜமான சண்டை. கிடைத்தது ஒரு பள்ளி மென்சாவில் மத்தியானம் சாப்பாடு பரிமாறும் மினிஜாப், அதாவது சம்பளத்துக்கு வரம்பு வைத்த சின்னப் பகுதிநேர வேலை, 2025 வரம்புப்படி மாதம் 556 யூரோவுக்குள். எம்.காம் படித்தவள் தட்டு அடுக்குவதா, ஆபீஸில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பது கணவரின் கட்சி. கூடவே ஒரு கணக்கும் வைத்திருந்தார்: அவர் மூன்றாம் வரி வகுப்பு, மனைவி ஐந்து, முழு வேலைக்குப் போனால் பிடித்தம் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கணக்கைச் சொல்லியே எத்தனையோ பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் பிடிப்பது எப்படிப் பிரிகிறது என்பதுதான் வரி வகுப்பு, வருட முடிவில் இருவரும் சேர்த்துக் கணக்குக் கொடுக்கும்போது மொத்த வரி மாறுவதில்லை. வேண்டுமானால் இருவரும் நான்காம் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம். மினிஜாப்புக்குப் பொதுவாக அதுவும் தேவைப்படாது, அவர் கையிலிருந்து வரி போகாது. இதை அவருக்கு விளக்கியது நான் இல்லை, மனைவிதான், பேப்பரில் போட்டுக் காட்டினார். எட்டு வருட ஆடிட்டர் ஆபீஸ் வேறு எதற்கு.

அவர் மென்சாவுக்குப் போகிறார். எனக்கு அது சரியான முடிவென்றே படுகிறது, அங்கே சம்பளத்தைவிட முக்கியமானது அவர் பேரில் ஒரு ஒப்பந்தம், அவர் வங்கிக் கணக்கு, அவரிடம் நேராகப் பேசும் ஒரு மேலாளர். சாயங்காலங்களில் டாட்டெவ் கற்றுக்கொள்கிறார். இங்கே வரி ஆலோசகர் அலுவலகங்களில் அந்த மென்பொருள்தான் பரவலாகப் புழங்குகிறது. டெபிட் கிரெடிட் எங்கேயும் டெபிட் கிரெடிட்தான், கணக்குத் தலைப்பு எண்களை மட்டும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது என்கிறார்.

இப்போது

மகள் நான்காம் வகுப்பு. இந்த மாநிலத்தில் அடுத்த வருடம் எந்த வகைப் பள்ளி என்று பத்து வயதில் முடிவாகும், பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார் செய்யும் கிம்னாசியத்துக்குப் போக வேண்டுமென்றால் பெற்றோர் விருப்பம், ஆசிரியர் பரிந்துரை, நான்காம் வகுப்பில் நடக்கும் கோம்பாஸ் 4 தேர்வு மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் தனியாக இன்னொரு தேர்வு எழுதலாம். அப்பா ஏற்கனவே கணக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் குவித்திருக்கிறார். எனக்கு அதில் கவலை குறைவு, ரியால்ஷூலெ என்ற நடுத்தர வகைப் பள்ளியில் சேர்ந்து அங்கிருந்தும் பல்கலைக்கழகம் வரை போகிற வழி இருக்கிறது. அவள் தமிழ் எழுத்துகளை மறக்க ஆரம்பித்ததைப் பற்றித்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

கணவர் நிரந்தர வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். புளூ கார்டில் இருப்பவர்களுக்கு பி1 இருந்தால் 21 மாதம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். ஆபீஸில் ஆங்கிலமே போதும் என்று இருந்ததால் இவர் 27 மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று, இப்போதுதான் மாலை வகுப்பில் ஏ2 சேர்ந்திருக்கிறார், வீட்டுப்பாடத்தில் மனைவி திருத்தம் போடுகிறார். அவசரத்துக்குக் காரணமும் இருக்கிறது: 2024 முதல் இந்த வட்டாரத்து வாகனத் துறையில் ஆட்குறைப்புப் பேச்சு ஓயவில்லை, இவர் பிரிவுக்கும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்தக் கார்டு கைக்கு வந்துவிட்டால் வேலை போனாலும் மூட்டை கட்ட வேண்டாம். அதற்குள் மனைவிக்கு ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பயிற்சி இடமாவது கிடைத்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஜெர்மன் பகுதியை மனைவியே எழுதுகிறார்.